தெருவில் கற்ற இசை, காட்டைப் பற்றிய கதை

எட்டு செல்லோக்கள், ஒரு பெண்குரல். செல்லோக்களில் பல, நரம்பை விரலால் சுண்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் அந்தக் குரலோடு சேர்ந்தே நடக்கிறது. குரலில் சொற்கள் இல்லை. ஓர் உயிரெழுத்தை நீட்டியபடி அது ஏறுகிறது, இறங்குகிறது. நடுவே சிறிது நேரம் கவிதை வரிகள் வருகின்றன. பிறகு பாடகி வாயை மூடிக்கொள்ள, அதே மெட்டு முனகலாகத் திரும்புகிறது. ஆலாபனைக்குப் பழகிய என் காதுக்கு, முதன்முறை கேட்டபோது இது எந்த ஊர் இசை என்று சொல்லத் தெரியவில்லை. அடியில் ஓடிய ஒழுங்கு செபாஸ்டியன் பாக் என்ற ஜெர்மானியரை நினைவூட்டியது. மேலே மிதந்த ஏக்கம் அந்த நாட்டினுடையதாக இல்லை.

அது பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் எய்டோர் வில்லா-லோபோஸின் 'பாகியானாஸ் பிரேசிலெய்ராஸ்' வரிசையில் ஐந்தாவது. அந்த ஒலிநாடாவின் உறையில் அவரைப் பற்றி ஒரு பத்தி அச்சிட்டிருந்தார்கள். அமேசான் காடுகளில் அலைந்து, பழங்குடிகளிடம் நேரில் கற்ற இசையை உலக மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அது சொன்னது. பல ஆண்டுகள் நான் அதை நம்பினேன். நண்பர்களிடமும் சொல்லித் திரிந்தேன். அவர் வாழ்க்கையைச் சற்று ஊன்றிப் படித்த பிறகுதான், அந்தப் பத்தியில் பாதிக்கு மேல் புனைவு என்பதும், அந்தப் புனைவை முதலில் பரப்பியவர்களில் அவரே ஒருவர் என்பதும் தெரிந்தது. ஏமாற்றம் இருந்தது. ஆனால், அந்தக் கதையைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது புலப்பட்ட மனிதர், கதையில் வரும் மனிதரைவிடச் சுவாரசியமானவராக இருந்தார்.

வில்லா-லோபோஸ் 1887 மார்ச் 5 அன்று ரியோ டி ஜெனிரோ நகரில் பிறந்தார். அடிமை முறையை பிரேசில் சட்டப்படி ஒழித்தது அதற்கு அடுத்த ஆண்டில். முடியாட்சி போய்க் குடியரசு வந்தது அதற்கும் அடுத்த ஆண்டில். தந்தை ரவுல், தேசிய நூலகத்தில் பணியாற்றியவர். இசையைத் தொழிலாகக் கொள்ளாவிட்டாலும் அதில் தேர்ந்தவர். மகனின் சிறு கைகளுக்குப் பெரிய செல்லோ எட்டாது என்பதால், வயோலாவைச் செல்லோ போல் நிறுத்திப் பிடித்து வாசிக்கும்படி மாற்றியமைத்துக் கொடுத்தார். பறவையின் கூவலோ, டிராம் வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலியோ காதில் விழுந்தால், அது எந்தச் சுரம் என்று பையன் உடனே சொல்லியாக வேண்டும் என்பது வீட்டில் விதி. ஸிஸின்யா என்ற அத்தை பியானோவில் பாக் வாசித்துக் காட்டினார். பின்னாளில் பாகையும் பிரேசிலையும் ஒன்றாக இணைத்த ஒன்பது படைப்புகளுக்கு விதை அந்த அத்தையின் பியானோவில்தான் இருக்கிறது.

1899-இல் தந்தை இறந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது. தாய் நோயெமியா, துணி வெளுத்தும் இஸ்திரி போட்டும் குடும்பத்தைக் காத்தார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனோ இரவில் வீட்டைவிட்டு நழுவி, தெருவில் வாசித்துத் திரிந்த கலைஞர்களோடு சேர்ந்துகொண்டிருந்தான்.

அந்தத் தெரு இசைக்கு ஷோரோ என்று பெயர். அழுகை என்ற பொருள் தரும் போர்த்துகீசியச் சொல்லோடு அதை இணைத்துப் பேசுவார்கள். கேட்டால் பல நேரங்களில் குதூகலமாகத்தான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த போல்கா முதலிய நடன மெட்டுகளை, ஆப்பிரிக்க வழிவந்த தாளப் புத்தி எடுத்துக் குலுக்கியதில் பிறந்தது அது. ஒரு புல்லாங்குழல், ஒரு கிதார், கவாக்கின்யு எனப்படும் நான்கு தந்திச் சிறு கிதார் – இவ்வளவே போதும். வாசித்தவர்களில் பலர் அஞ்சல்காரர்கள், சிறு அரசு ஊழியர்கள், ராணுவ பேண்டு வாத்தியக்காரர்கள். திருமண வீட்டிலோ ஞானஸ்நான விருந்திலோ வாசித்துவிட்டு, சாப்பாடு நன்றாக இருந்தால் விடிய விடிய இருப்பார்கள். கிதார் அன்றைய ரியோவில் நாடோடிகளின் வாத்தியம். நல்ல குடும்பத்தார் தொட மாட்டார்கள். ஆகவே, நூலக அலுவலரின் மகன் செல்லோவை வீட்டாருக்குத் தெரியவும் கிதாரைத் தெரியாமலும் கற்றான். அவனுக்கு முறையான இசைக்கல்லூரிப் படிப்பு பெரிதாக எதுவும் இல்லை. இலக்கணத்தை நூல்களிலிருந்தும், பேச்சை அந்தத் தெருவிலிருந்தும் எடுத்துக்கொண்டான்.

இளைஞரானதும் பிழைப்புக்காக உணவகங்களிலும் நாடக அரங்குகளிலும் பேசாப்பட அரங்குகளிலும் செல்லோ வாசித்தார். வடகிழக்கு, வடக்கு மாநிலங்களுக்குப் பயணம் போனார். எவ்வளவு தூரம் போனார், எதை நேரில் கேட்டார் என்பதில் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை. அவர் சொன்ன கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1913-இல் பியானோ கலைஞர் லூசிலியா கிமரைன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தமக்குப் பியானோ அவ்வளவாக வராத காலத்தில் வில்லா-லோபோஸ் எழுதியவற்றை, விரலால் தொட்டுச் சோதித்து மேடையேற்றியவர் அவர். இதை நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

1915 முதல் ரியோவில் தம் படைப்புகளைத் தாமே கச்சேரியாக நடத்தினார். பத்திரிகை விமர்சகர்கள் கடுமையாக ஏசினார்கள். அந்நாள்களில் தென்னமெரிக்கச் சுற்றுப்பயணம் வந்த போலந்து பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் அவருடைய இசையால் ஈர்க்கப்பட்டார். வில்லா-லோபோஸ் ஒரு வாத்தியக் குழுவையே தம் விடுதிக்கு அழைத்துவந்து வாசித்துக்காட்டினார் என்பது ரூபின்ஸ்டைன் சொன்ன கதை. அந்த நட்பு நெடுநாள் நீடித்தது. 1922 பிப்ரவரியில் சாவ் பாவ்லோ நகராட்சி அரங்கில் நவீனக் கலை வாரம் நடந்தபோது, வில்லா-லோபோஸ் முறையான மேலங்கியோடும் ஒரு காலில் செருப்போடும் மேடையேறினார். காலில் நோவு; ஷூ போட முடியவில்லை. அவையோ அதைப் புதுமைவாதிகளின் திமிர் என்று எடுத்துக்கொண்டு கூச்சலிட்டது. அவரைப் பற்றிய கட்டுக்கதைகளில், அவர் வேண்டுமென்று உருவாக்காதது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

1923-இல் அரசு நல்கையோடும் கின்லே என்ற செல்வக் குடும்பத்தின் ஆதரவோடும் பாரிஸ் போனார். வயது 36. கற்றுக்கொள்ள வரவில்லை, செய்திருப்பதைக் காட்ட வந்திருக்கிறேன் என்ற தோரணை. ஆனால், அவர் அதுவரை எழுதியவற்றில் பிரெஞ்சு மேதை டெபுஸ்ஸியின் வாடை நிறைய இருந்தது. பாரிஸில் வாழ்ந்த பிரேசில் ஓவியர் டார்சிலா டு அமராலின் இல்லத்தில் ஒரு விருந்து. வில்லா-லோபோஸ் பியானோவில் உட்கார்ந்து மனோதர்மமாக வாசித்தார். பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்டோ, எங்கள் ஊர்ச் சரக்கை எங்களுக்கே விற்கிறாரே என்கிற ரீதியில் பேச, வாக்குவாதம் முற்றியதாகச் சொல்வார்கள். பாரிஸுக்கு இன்னொரு டெபுஸ்ஸி தேவைப்படவில்லை. அதற்கு வேண்டியிருந்தது ஒரு காட்டுவாசி.

இங்கேதான் கதை திரும்புகிறது. பிரேசிலியராக இருப்பது எப்படி என்பதை வில்லா-லோபோஸ் பாரிஸில் வைத்துத்தான் கற்றார் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே படுகிறது. 1920-களில் அவர் எழுதிய 'ஷோரோஸ்' வரிசையில் ஆற்றல் பீறிட்டது. தனிக் கிதாரில் தொடங்கி, பெரும் வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்து முழங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பாரிஸ் வியந்தது. வியப்புக்குத் தக்க கதைகளும் தேவைப்பட்டன. 1927-இல் பிரெஞ்சுக் கவிஞர் லூசி டெலாரு-மார்ட்ரு ஒரு செய்தித்தாளில் எழுதினார்: இந்த இசையமைப்பாளர் மனிதரை உண்ணும் பழங்குடிகளிடம் சிக்கினார், அவர்களுடைய சடங்கின் நடுவே கட்டுண்டு கிடந்தபடி அந்த இசையைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார் என்று. உண்மையில் அந்த நிகழ்ச்சிகள் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசில் கரையில் சிறைப்பட்ட ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியரின் பயண நூலிலிருந்து வந்தவை. ரியோவில் கட்டுரையைப் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நம் நாட்டைக் காட்டுமிராண்டிகளின் நாடாகக் காட்டிவிட்டாரே என்ற கோபம் அவர்களுக்கு.

அப்படியானால், அவருடைய இசையில் கேட்கும் பழங்குடி மெட்டுகள் எங்கிருந்து வந்தன? இதற்கு விடை ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மானுடவியலாளர் எட்கார் ரோகெட்-பின்டோ 1912-இல் நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போய், பரெசி, நம்பிக்குவாரா மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அந்த மெட்டுகளை வில்லா-லோபோஸ் எடுத்து 'ஷோரோஸ்' மூன்றாம் எண்ணிலும் பிற படைப்புகளிலும் ஆண்டார். 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயணி ழான் டி லேரி குறித்துவைத்த மெட்டும் அவருக்குப் பயன்பட்டது. வேர் காட்டில் இருந்தது உண்மை. இந்த மெட்டுகளைப் பொறுத்தவரை அதைத் தோண்டியவர் வேறொருவர். நூலக அலுவலரின் மகன், பதிவுகளிலும் நூல்களிலும் காட்டைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதைச் சொல்வதற்கு அவர் ஏன் கூச்சப்பட்டார் என்பதுதான் கேள்வி.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 1926-இல் எழுதிய 'ஷோரோஸ்' பத்தாம் எண்தான் அந்த வரிசையின் சிகரம். பறவைக் குரலில் தொடங்கி, பழங்குடி மொழியைப் போல ஒலிக்கும் பொருளற்ற அசைகளைப் பாடகர் குழு சுழற்றிச் சுழற்றி முழங்க, அந்தப் பெருவெள்ளத்தின் மேல் ஒரு பாட்டு மிதந்து வரும். கேட்பவர் உடல் சிலிர்க்கும் இடம் அது. அந்த மெட்டு வில்லா-லோபோஸுடையதன்று. அனாக்லெட்டோ டி மெடெய்ரோஸ் என்ற ஷோரோ கலைஞருடையது. விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணின் மகனாகப் பிறந்து, ரியோ தீயணைப்புப் படையின் பேண்டை உருவாக்கி நடத்தி, 1907-இல் மறைந்தவர் அவர். அதற்குச் சொல் எழுதியவர் கடுலோ டா பைஷாவ் சியரென்ஸ் என்ற பாடலாசிரியர். அந்த வரிகளுக்காகப் பின்னாளில் உரிமைத் தகராறு எழுந்து, வரிகளை நீக்கிவிட்டு வெறும் குரலால் பாடும்படி ஆயிற்று. சொல்லுக்கு வழக்காட ஆள் இருந்தது. இறந்துபோன பேண்டு மாஸ்டரின் மெட்டுக்காக யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

கடனை அவர் மறந்தார் என்றும் சொல்வதற்கில்லை. 'ஷோரோஸ்' முதல் எண்ணை, படக்கொட்டகை வாசலில் பியானோ வாசித்துப் புகழ்பெற்ற எர்னெஸ்டோ நசரேக்குக் காணிக்கையாக்கினார். 1930-இல் தொடங்கிய 'பாகியானாஸ்' வரிசையின் முதல் எண்ணில், பாகின் உயர்ந்த வடிவமான ஃபியூக் வருகிறது. ஒரு குரல் சொன்னதை மற்றொன்று வாங்கி, துரத்தி, மறித்துப் பேசும் கட்டமைப்பு அது. வில்லா-லோபோஸ் அதற்கு உரையாடல் என்று இரண்டாவது பெயரிட்டார். நான்கு தெருக் கலைஞர்கள் ஒருவரையொருவர் வாத்தியத்தால் சீண்டிப் பேசிக்கொள்வதாக அவர் அதைக் கற்பனை செய்தார். தம் இளமைக்காலக் கிதார்த் தோழர் சாட்டிரோ பில்யாரின் பாணியை நினைத்து எழுதியதாகவும் தெரிவித்தார். அந்த வரிசையின் பெரும்பாலான பகுதிகளுக்கு இப்படி இரண்டு பெயர்கள். ஒன்று பாகின் ஊர்ப்பெயர், ஒன்று ரியோவின் வழக்குப்பெயர். இரண்டாம் எண்ணின் இறுதிப் பகுதியில், உள்நாட்டுச் சிறு ரயில் ஒன்று முக்கி முனகிக் கிளம்பி, ஓடி, களைத்து நிற்கும். குழந்தைகளுக்கு முதலில் போட்டுக்காட்ட வேண்டியது இதைத்தான்.

1930-இல் அவர் நாடு திரும்பியபோது, அங்கே புரட்சி மூலம் கெடூலியோ வர்காஸ் ஆட்சிக்கு வந்தார். வில்லா-லோபோஸ் பியானோவோடும் சில கலைஞர்களோடும் சாவ் பாவ்லோ மாநிலத்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார். பின்னர் தலைநகர் ரியோவின் கல்விப் பொறுப்பிலிருந்த சீர்திருத்தவாதி அனிசியோ டெய்ஷேரா அவரை அழைத்துப் பள்ளி இசைக் கல்வியை ஒப்படைத்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கையசைவால் சுரம் காட்டிக் கற்பிக்கும் முறை, பிள்ளைகளின் நாட்டுப் பாடல்கள் 137-ஐத் திரட்டி ஒழுங்குபடுத்திய தொகுப்பு என அவர் உழைத்தது சாதாரண உழைப்பன்று. பணம் கட்டிப் பியானோ கற்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் பல குரல்களில் சேர்ந்து பாடக் கற்றார்கள்.

ஆனால், 1935 இறுதியில் அரசின் கெடுபிடி மிகுந்தபோது டெய்ஷேரா பதவியை விட்டு விலக நேர்ந்தது, வில்லா-லோபோஸ் தொடர்ந்தார். 1937-இல் வர்காஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்து முழுச் சர்வாதிகாரி ஆனார். வில்லா-லோபோஸ் அப்போதும் தொடர்ந்தார். 1940-இல் ரியோவின் வாஸ்கோ ட காமா கால்பந்து அரங்கில் சுமார் 40,000 மாணவர்கள் ஒரே சீருடையில் பாட, உயரமான மேடையில் நின்று அவர் கையசைத்தார். வர்காஸ் ஆட்சியில் தேசிய இசையைப் புகழ்ந்து ஒரு சிறுநூலும் எழுதினார். அதை வெளியிட்டது அரசின் பிரசாரத் துறை. அதே துறைதான் பத்திரிகைகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தது.

இதை எப்படி எடைபோடுவது? அவர் கொள்கை அளவில் சர்வாதிகாரத்தை நேசித்தவர் என்பதற்குச் சான்று இல்லை. வாய்ப்புக் கொடுத்த எவரோடும் வேலை செய்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை. நாற்பதாயிரம் பிள்ளைகளை ஒரே மூச்சில் பாடவைத்த புகைப்படங்களைப் பார்க்கையில், நான்கு பேர் ஒருவரையொருவர் மறித்துப் பேசும் அந்த ஃபியூக்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். அதுவும் ஒரே பத்தாண்டில்.

அதே 1940 ஆகஸ்ட்டில் அமெரிக்க இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி கப்பலில் ரியோ வந்தார். பிரேசில் மக்கள் இசையைப் பதிவு செய்ய விரும்பிய அவருக்கு, கலைஞர்களைத் திரட்டித் தரும் பொறுப்பை ஏற்றவர் வில்லா-லோபோஸ். யாரை அழைப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. பிஷிங்கின்யா, டோங்கா, கார்டோலா என ஷோரோவிலும் சம்பாவிலும் தலைசிறந்த கறுப்பினக் கலைஞர்கள் துறைமுகத்தில் நின்ற கப்பலிலேயே பாடிப் பதிவு செய்தார்கள். தட்டுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. கலைஞர்களுக்குக் கிடைத்தது அற்பத் தொகை.

பிற்காலத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அவரைக் கொண்டாடின. 1936-இல் லூசிலியாவைப் பிரிந்த அவருக்கு, மிண்டின்யா என்று அழைக்கப்பட்ட அர்மிண்டா இறுதிவரை துணை. 1948-இல் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பின் பதினோரு ஆண்டுகள் ஓய்வின்றி எழுதினார். 12 சிம்பொனிகள், 17 நால்வர் இசைகள், இன்னும் எத்தனையோ. எல்லாம் தரமானவை என்று சொல்ல மாட்டேன். வானொலி அலற, நண்பர்கள் பேச, சுருட்டுப் புகைக்கு நடுவே எழுதித் தள்ளியவர். அழிக்கும் பழக்கம் குறைவு. கடைசியாக ஹாலிவுட் அவரை அழைத்தது. ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த ஒரு காட்டுப் படத்துக்கு அவர் எழுதிய இசையின் பெரும்பகுதியை மற்றவர்கள் மாற்றிவிட்டார்கள். மனம் வெதும்பிய அவர் அந்த இசையை எடுத்து 'அமேசான் காடு' என்ற தனிப் படைப்பாக்கி, பிடு சயாவ் பாட 1959-இல் ஒலிப்பதிவு செய்தார். அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று ரியோவில் காலமானார். மறு ஆண்டு அரசு அமைத்த வில்லா-லோபோஸ் அருங்காட்சியகத்தை மிண்டின்யா பல்லாண்டு காலம் நடத்தினார்.

நான் இப்போதெல்லாம் அந்த எட்டு செல்லோக்களைவிட அதிகமாகக் கேட்பது அவருடைய ஐந்து கிதார் முகப்பிசைகளை. அரங்கில் நாற்பதாயிரம் பேரைப் பாடவைத்த அதே 1940-இல் எழுதியவை. வீட்டாருக்குத் தெரியாமல் கற்ற வாத்தியத்துக்காக, ஒருவர் தனியே உட்கார்ந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டு, மிண்டின்யாவுக்குக் காணிக்கையானவை. ஒன்று உள்நாட்டுக் குடியானவனுக்கு, ஒன்று ரியோவின் தெருப்போக்கிரிக்கு, ஒன்று பாகுக்கு, ஒன்று பழங்குடிக்கு, ஒன்று கச்சேரிக்குப் போகும் நகரத்து இளைஞர்களுக்கு என்று வணக்கம் சொல்கின்றன. ஆறாவதாக ஒன்றும் இருந்து தொலைந்துபோனது என்பார்கள். ஐந்தில் என் கை அடிக்கடி போவது இரண்டாவதற்கு. தெருப்போக்கிரி கொஞ்சம் நொண்டி, கொஞ்சம் நின்று, வேண்டுமென்றே தாமதித்து நடந்து வருவான். பிறகு நடுவில் ஒருமுறை கிதார் முழுவதும் அதிர ஓடுவான்.